ஏழு பேர் காருக்கு எது உண்மையான மைலேஜ்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஏழு பேர் அமரும் குடும்பக் காரை நான் ஆறு ஆண்டுகளாக ஓட்டி வருகிறேன். நெடுஞ்சாலையில் தனியாகப் போனால் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி, குலதெய்வம் கோயிலுக்காகச் சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு ஏழு பேராகச் சென்றபோது 11தான் கொடுத்தது. டேங்கை நிரப்பி, ஊர் சேர்ந்ததும் மறுபடி நிரப்பிப் பார்த்த கணக்கு இது.

திரும்பும்போது மேலே கேரியரில் கட்டியிருந்த பைகளை இறக்கி, கேரியரையும் கழற்றி, எல்லாவற்றையும் இருக்கைகளுக்கு அடியிலும் டிக்கியிலும் அடுக்கினோம். வேகத்தையும் 80-ஐத் தாண்டவிடவில்லை. அதே ஏழு பேர், அதே ஏசி. மைலேஜ் 13-ஐத் தாண்டியது. வேகம் கூடக் கூட, காற்றின் எதிர்ப்பு அந்த வேகத்தின் இருமடி விகிதத்தில் கூடுகிறது. ஏற்கெனவே உயரமும் அகலமுமான வண்டியின் தலைமேல் மூட்டையையும் கட்டினால், நாம் போடும் டீசலில் கணிசமான பங்கு காற்றைத் தள்ளுவதற்கே போய்விடுகிறது.

டயர் விஷயம் இதைவிட வருத்தம் தருவது. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், அதன் நிலைச் சட்டத்தில் ஒரு சிறிய அட்டை ஒட்டியிருக்கும். முழு ஆட்களும் சாமானும் ஏறினால் பின் சக்கரங்களுக்குக் காற்றழுத்தம் 36 psi வைக்க வேண்டும் என்று எங்கள் வண்டியின் அட்டை சொல்கிறது. பயணத்துக்கு முந்தைய நாள் மாலை ஒரு பங்க்கில் காற்று அடித்த தம்பியோ, என்னிடம் கேட்காமலே நான்கு சக்கரங்களுக்கும் 30 வைத்தார். அட்டையைக் காட்டிய பிறகு, "டயர் வெடிச்சிடும் சார்" என்று தயங்கித் தயங்கி 36 வைத்தார். மறுநாள் விடியற்காலையில், வண்டியை எடுக்கும் முன் சொந்த மீட்டரால் அளந்தேன், 30தான் இருந்தது. காற்று குறைந்த டயர் டீசலைத் தின்பதோடு நிற்பதில்லை. முழுப் பாரத்தோடு வெயிலில் ஓடும்போது அது சூடேறி வெடிக்கவும் கூடும். அந்தத் தம்பி அஞ்சியதற்கு நேர்மாறானது இது.

நம் நாட்டில் விளம்பரங்களில் வரும் மைலேஜ், ஆய்வுக்கூடத்தில் உருளைகளின் மேல் வண்டியை ஓட்டி, ஏசியை அணைத்துவைத்து, வேகம் 90-ஐத் தாண்டாமல் அளக்கப்பட்டது. எல்லா வண்டிகளையும் ஒரே அளவுகோலில் ஒப்பிட அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் ஏழு பேருக்கென்றே விற்கப்படும் வண்டிக்கு, ஏழு பேரை ஏற்றி ஏசியையும் போட்டால் என்ன கிடைக்கும் என்பதையும் அதன் பக்கத்திலேயே அச்சிட வேண்டும். குடும்பங்கள் மாதச் செலவைக் கணக்கிட்டு வண்டி வாங்குவது அந்த எண்ணை நம்பித்தான்.

பங்க்குகளில் பெட்ரோல் அளவைச் சரிபார்த்து முத்திரையிடும் அதே கண்டிப்போடு காற்று மீட்டர்களையும் சரிபார்த்து, சரிபார்த்த தேதியை வாடிக்கையாளர் கண்ணில் படும்படி ஒட்டுமாறு அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன். விற்பனையாளர்களும் சாவி கொடுக்கும் அன்றே அந்தக் கதவை ஒருமுறை திறந்து அட்டையைக் காட்ட வேண்டும். எங்களுக்கு யாரும் காட்டவில்லை. இந்தப் பயணத்துக்கு முந்தைய வாரம் வண்டியைக் கழுவும்போதுதான் அது என் கண்ணில் பட்டது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், தாம்பரம்