கோயில் சாவி

ஃபிலடெல்ஃபியா பக்கம்,
அக்டோபர் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

கர்த்தருடைய நாமத்தில் ஸ்தோத்திரம். நான் இங்கே நல்ல சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது, தம்பியின் வேலை விஷயம் என்ன ஆயிற்று என்று எழுதவும். போனில் நீங்கள் பாதியைக் கேட்டுவிட்டு மீதியை "சரி, சரி" என்று தள்ளிவிடுவது எனக்குத் தெரியும். காது மெஷின் மாட்டமாட்டேன் என்று அடம்பிடிக்கிற ஆளுக்குக் கடிதம்தான் லாயக்கு. போன வாரமும் கேட்டீர்கள்: "எந்தக் கோயிலுக்குப் போகிறாய், அவர்கள் நம்ம ஆட்கள்தானா?" அதற்குப் போனில் பதில் சொல்லி முடியாது.

நம்ம ஆட்கள்தான், ஒரு விதத்தில். நான் போகிற எபிஸ்கோப்பல் சபை இங்கிலாந்து திருச்சபையிலிருந்து வந்தது. 1776 ஜூலை 4 அன்று, அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனம் ஏற்கப்பட்ட அதே நாளில், ஃபிலடெல்ஃபியா கிறைஸ்ட் சர்ச்சின் கமிட்டி கூடி, ஜெபப் புத்தகத்தில் ராஜாவின் பெயரை அடிக்கச் சொல்லியிருக்கிறது. அந்தக் கோயிலை நான் போய்ப் பார்த்தேன். ராஜா போனாரே தவிர ஜெபப் புத்தகம் போகவில்லை. பாவ அறிக்கை, விசுவாசப் பிரமாணம், "உங்கள் இருதயங்களை உயர்த்துங்கள்" எல்லாம் நம் வரிசையில்தான் வருகின்றன. முதல் ஞாயிறு புத்தகத்தில் பக்கம் தேடிக்கொண்டிருந்தபோதே என் வாய் தமிழில் பதில் சொல்லிவிட்டது. பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

நான் போகிற கோயில் சிறியது. கல் கட்டடம், சிவப்புக் கதவு. தெருமுனையில் "எபிஸ்கோப்பல் திருச்சபை உங்களை வரவேற்கிறது" என்று ஒரு தகரப் பலகை. இந்தப் பலகையை நாடு முழுக்க ஊருக்கு ஊர் பார்க்கலாம். நைட் ட்யூட்டி முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது தினமும் அதையே படித்துப் படித்து, ஒரு ஞாயிறு தூக்கக் கண்ணோடு உள்ளே போய்விட்டேன். நம் பாளையங்கோட்டை ஊசிக்கோபுரக் கோயிலில் ஆயிரம் பேருக்கு நடுவில் உட்கார்ந்து பழகியவளுக்கு அங்கே இருந்த அறுபது பேரைப் பார்த்ததும் ஏதோ அடக்க ஆராதனைக்கு வந்துவிட்டோமோ என்று தோன்றியது. பெரும்பாலும் நரைத்த தலைகள். ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் என்று இல்லை. முக்காடு இல்லை. செருப்பைக் கழற்றி வாசலில் விட எனக்குக் கால் பரபரத்தது, யாருமே கழற்றவில்லை.

குருவானவர் ஒரு பெண். இங்கே இதெல்லாம் பழைய விஷயம். 1974-ல் இதே ஃபிலடெல்ஃபியாவில்தான் சபைச் சட்டம் இடம் கொடுப்பதற்கு முன்பே பதினோரு பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுத்துப் பெரிய சண்டையானது. இரண்டு வருடம் கழித்துச் சட்டம் ஒத்துக்கொண்டது. நம் தென்னிந்தியத் திருச்சபையான சி.எஸ்.ஐ.யிலும் 2013-ல் ஒரு பெண் பிஷப் வந்துவிட்டாரே, ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆனால் எப்படிக் கூப்பிடுவது? வாய் தவறி "ஐயரம்மா" என்று அவரிடமே சொல்லிவிட்டேன். அர்த்தம் கேட்டார். எங்கள் ஊரில் ஐயருடைய, அதாவது குருவானவருடைய, மனைவியை அப்படிச் சொல்வோம் என்றேன். "அப்படியானால் என் வீட்டுக்காரரை என்ன சொல்வீர்கள்?" என்று கேட்டார். யோசித்து வைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

இன்னொரு குழப்பம் கேளுங்கள். "வெஸ்ட்ரியில் பன்னிரண்டு பேர் இருக்கிறோம்" என்று ஒருவர் சொன்னார். அங்கி மாட்டுகிற அந்தச் சின்ன அறைக்குள் பன்னிரண்டு பேர் எதற்கு என்று விழித்தேன். இங்கே வெஸ்ட்ரி என்றால் சபையை நடத்துகிற நம் சேகரக் கமிட்டி. அந்த அறைக்குப் பெயர் சாக்ரிஸ்டி.

ஆராதனை நடுவில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லுகிற நேரம்தான் எனக்கு முதலில் பயமாக இருந்தது. நம் ஊரில் இரண்டு கையையும் சேர்த்து வாங்கி அடுத்தவரிடம் கொடுப்போம், முடிந்தது. இங்கே ஆராதனை அப்படியே நின்றுவிடுகிறது. எல்லாரும் இடத்தை விட்டு எழுந்து இடைவழியில் நடந்து, கை குலுக்கி, கட்டிப்பிடித்து, ஆபரேஷன் எப்படிப் போச்சு என்று விசாரித்து, பாதிக் கோயிலைச் சுற்றி வருகிறார்கள். ஆர்கன்காரர் இரண்டு தடவை கனைத்த பிறகுதான் உட்கார்கிறார்கள். இது ரொம்ப அமெரிக்கத்தனம் என்று குருவானவரிடம் சொன்னேன். அவர் சொன்னதைக் கேளுங்கள்: தென்னிந்தியத் திருச்சபை 1950-ல் போட்ட நற்கருணை முறையில்தான், கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களின் வழக்கத்தை எடுத்து, சமாதானத்தைக் கைகளால் கொடுப்பது வந்ததாம். அதைப் பார்த்துத்தான் மற்ற சபைகளுக்கும் ஆசை வந்தது. அமெரிக்க ஜெபப் புத்தகத்தில் 1979-ல் சேர்ந்தது. "உங்களிடமிருந்து கற்றுக்கொண்டதை உங்களுக்கே கொடுக்கிறோம்" என்றார். அன்று வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பாளையங்கோட்டையில் இத்தனை வருடம் இருந்தும் எனக்கு இது தெரியாது. உங்களுக்குத் தெரியுமா, அப்பா?

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். வரவேற்பு என்று பலகையில் எழுதுவது சுலபம். முதல் எட்டு மாதமும் எல்லாரும் அன்பாகத்தான் இருந்தார்கள். ஆராதனை முடிந்து ஹாலில் காபி கொடுப்பார்கள். நான் கோப்பையும் கையுமாகச் சுவரோரம் நிற்பேன். ஒருவர் வந்து எந்த ஊர் என்பார், சொல்வேன், "ஓ, அருமை" என்பார், அதற்கு மேல் பேச்சு நகராது. அடுத்த ஞாயிறு இன்னொருவர் வந்து எந்த ஊர் என்பார். விருந்தாளிக்கு எத்தனை நாள் மரியாதை? எட்டு மாதம் மரியாதையாகவே நடத்தினால் வீட்டுக்குப் போய்விடலாம் போல ஆகிவிடுகிறது.

அதை உடைத்தது எண்பது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி. ஆல்ட்டர் கில்டு என்று ஒரு கூட்டம் இருக்கிறது, பீடத்துக்கு வேண்டியதை ஆயத்தம் செய்கிறவர்கள். நம் ஊரில் கோயில்பிள்ளை செய்கிற வேலையில் பாதி இவர்களுடையது. அந்தப் பாட்டி ஒரு நாள் என்னிடம் ஊர், பேர் எதுவும் கேட்காமல், "உனக்கு இஸ்திரி போடத் தெரியுமா?" என்றார். சனிக்கிழமை வரச் சொன்னார். நற்கருணைப் பாத்திரம் துடைக்கிற லினன் துணிகளை நீளவாக்கில் மூன்று, அகலவாக்கில் மூன்று என்று மடிக்க வேண்டும். பிரித்தால் ஒன்பது சதுரம் தெரிய வேண்டும், சிலுவைத் தையல் மேலே வர வேண்டும். நான் மடித்த முதல் ஆறையும் பிரித்துப் போட்டுவிட்டு, "இது கைக்குட்டை இல்லை" என்றார். அப்பா, எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்! இந்த ஊரில் என்னை ஒருவர் திட்டியது அதுதான் முதல் தடவை.

அவரிடம்தான் எல்லாம் கற்றேன். அங்கே இரண்டு தொட்டி உண்டு. ஒன்றின் குழாய் சாக்கடைக்குப் போகாது, நேராக மண்ணுக்குள் போகும். நற்கருணைத் துணிகளை முதலில் அலசிய தண்ணீரை அதில்தான் ஊற்ற வேண்டும். மிஞ்சிய திராட்சரசத்தையும் கீழே கொட்டக்கூடாது, குடித்துவிட வேண்டும். அது அசல் ஒயின், அத்தையிடம் சொல்லாதீர்கள். ஆச்சி, கீழே விழுந்த அப்பத் துணுக்கை முந்தானையால் ஒற்றி எடுத்தது நினைவுக்கு வந்தது. சொன்னேன். பாட்டி ஒன்றும் பேசாமல் தலையை ஆட்டினார். அடுத்த மாதம் என் கையில் ஒரு சாவியைக் கொடுத்தார். சாக்ரிஸ்டி சாவி. என் வீட்டுச் சாவியோடு கோத்து வைத்திருக்கிறேன்.

அதன் பிறகு யாரும் எந்த ஊர் என்று கேட்பதில்லை; "சனிக்கிழமை நீயா, நானா?" என்றுதான் கேட்கிறார்கள். காபி முறையும் வருகிறது. என் முறைக்கு முந்திரிக்கொத்து செய்து கொண்டுபோனேன். ஒவ்வாமை பயத்தில் இங்கே எல்லாப் பலகாரத்துக்கும் சீட்டு எழுதி வைக்க வேண்டும். முந்திரிக்கொத்தில் முந்திரி இல்லை, பாசிப்பயறுதான் என்று எழுதினேன். பிறகு ஏன் அந்தப் பெயர் என்று கேட்டார்கள். திராட்சைக் குலை மாதிரி இருப்பதால், திராட்சைக்கும் முந்திரி என்று பெயர் என்றேன். அப்படியானால் திராட்சை இருக்கிறதா என்றார்கள். இல்லை என்றேன். தட்டு காலியாகிவிட்டது.

பணவிஷயம் நம்மைவிட வெளிப்படை. வரவு செலவை அச்சடித்துக் கையில் கொடுத்து, கூரைக்கு இவ்வளவு, குருவானவர் சம்பளம் இவ்வளவு என்று கூட்டத்தில் கேள்வி கேட்க விடுகிறார்கள். ஆனால் அசன விருந்தும் கிடையாது, ஏலமும் கிடையாது. அறுப்பின் பண்டிகையில் ஒரு கோழிமுட்டையை ஆளாளுக்கு ஏற்றி ஆயிரம் ரூபாய்க்கு எடுப்போம் என்றதற்கு நம்பவே மாட்டேன் என்றார் பொருளாளர். போன ஞாயிறு நாய், பூனைகளுக்கு ஆசீர்வாதம். புனித பிரான்சிஸ் திருநாளையொட்டி வருடா வருடம் செய்கிறார்கள். ஒரு பையன் ஆமையைக் கொண்டுவந்தான். நீங்கள் பார்த்திருந்தால் எழுந்து வெளியே போயிருப்பீர்கள்.

பிப்ரவரி 13-ல் அப்சலோம் ஜோன்ஸ் என்பவரை நினைவுகூர்கிறார்கள். 1746-ல் அடிமையாகப் பிறந்தவர். இந்த ஊரில் ஒரு மெதடிஸ்ட் கோயிலில் ஜெபத்தில் முழங்காலில் இருந்தபோதே, உன் இடம் இது இல்லை என்று இழுத்து எழுப்பினார்கள். ஆட்களைக் கூட்டிக்கொண்டு வெளியே நடந்துவிட்டார். பிறகு எபிஸ்கோப்பல் சபையில் முதல் கறுப்பினக் குருவானவர் ஆனார். அவருடைய கதையைக் கேட்டபோது, நம் பக்கத்துக் கோயில்களில் யார் முன்னால், யார் பின்னால் என்று ஒரு காலத்தில் சண்டை நடந்ததாகத் தாத்தா சொன்னதுதான் காதில் கேட்டது. ஒரு காலத்தில் என்று மட்டும் எழுதிவிட்டேன். கல்லறைத் தோட்டத்தில் இன்னும் நடப்பது உங்களுக்குத் தெரியாததா?

அடுத்ததை எழுதலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். எனக்கு முன் பெஞ்சில் ஒரு குடும்பம் உட்காரும். இரண்டு ஆண்கள், ஒரு சின்னப் பெண் குழந்தை. அவர்களுக்கு இந்தக் கோயிலில்தான் கல்யாணம் நடந்தது. 2015-ல் இந்தச் சபை அதற்கு வழி செய்தது. அதற்கு முன்னும் பின்னும் பல பேர் சபையை விட்டுப் பிரிந்தும் போயிருக்கிறார்கள். முதல் தடவை அவர்களிடம் சமாதானம் சொல்ல வேண்டி வந்தபோது நான் குனிந்து புத்தகத்தைத் தேடினேன். உண்மையைச் சொல்கிறேன். ஜனவரியில் பனி கொட்டி பஸ் நின்றுபோன இரவில், ஆஸ்பத்திரி வாசலில் காரோடு வந்து நின்றது அவர்கள்தான். குழந்தை பின் சீட்டில் என் தோளில் தூங்கிவிட்டது. நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும், வேதத்தில் எந்த வசனத்தைக் காட்டுவீர்கள் என்றும் தெரியும். பதில் எழுதும்போது அதைக் காட்டுங்கள், பரவாயில்லை. நான் இப்போது புத்தகத்தைத் தேடுவதில்லை.

அப்புறம் ஒரு முக்கியமான வேலை. நவம்பர் 2 அன்று மாலை, இறந்துபோனவர்களின் பெயர்களை வாசித்து ஜெபிப்பார்கள். போன வருடம் அம்மாவின் பெயரை எழுதிக் கொடுத்தேன். அதில் இருக்கும் 'ழ' குருவானவருக்கு வரவில்லை. முந்தின வாரமே போன் செய்து நான்கு தடவை சொல்லிப் பார்த்தார். அன்றைக்கு வாசித்தபோது 'ழ' கொஞ்சம் 'ர' மாதிரிதான் விழுந்தது, ஆனாலும் அம்மாவின் முழுப் பெயரும் ஊர்ப் பெயரும் அந்தக் கல் கட்டடத்துக்குள் கேட்டன. மெழுகுவர்த்தி ஏற்றுகிற வேலை என்னுடையது, ஏற்றினேன். இந்த வருடம் தாத்தா, ஆச்சி, பெரியப்பா பெயர்களையும் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். ஆச்சிக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் எனக்குத் தெரியாது. எல்லாரும் ஆச்சி என்றே கூப்பிட்டோம். பழைய வேதாகமத்தின் முன் பக்கத்தில் தாத்தா எழுதி வைத்திருப்பார். பார்த்து, தெளிவான கையெழுத்தில் எழுதி அனுப்புங்கள். தம்பியிடம் சொன்னால் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவான். இந்த மாதம் முடிவதற்குள் வேண்டும்.

உங்கள் அன்பு மகள்