பழைய கம்ப்யூட்டரும் அதன் பரிவாரமும்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேரன் நடக்கத் தொடங்கிவிட்டான் என்று படித்ததில் மகிழ்ச்சி. இங்கே எல்லோரும் நலம். ஓய்வு பெற்றபின் பிறர் வீட்டு மிஷின்களைக் குடைவதே எனக்கு முழுநேர வேலையாகிவிட்டது, அதனால் உன் புலம்பலை ரசித்தே படித்தேன் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதே.

மவுஸ் நின்று நின்று ஓடுகிறது, வெளி ஹார்டு டிஸ்க் டிக் டிக் என்கிறது, பிரிண்டர் வாயைத் திறப்பதில்லை, ஸ்கேனர் இருப்பதே கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை. எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிடலாமா என்கிறாய். பொறு. நாலு சாமான்கள் சொல்லிவைத்தாற்போல் ஒன்றாக மண்டையைப் போடாது. அவற்றுக்குப் பொதுவான ஏதோ ஒன்றில்தான் கோளாறு இருக்கும். மின்சாரம், இல்லாவிட்டால் விண்டோஸ்.

மின்சாரத்தை முதலில் பார். யூஎஸ்பி 2.0 போர்ட் கொடுக்க வேண்டிய மின்சாரத்தின் கணக்கு 500 மில்லி ஆம்பியர். ஹார்டு டிஸ்க் சுழலத் தொடங்கும்போது அதற்கு மேலும் கேட்கக்கூடும். கிடைக்காவிட்டால் முயன்று, அடங்கி, மறுபடி முயலும். நீ டிஸ்க்கையும் மவுஸையும் ஒரே ஹப்பில், அதாவது ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் பெட்டியில், மாட்டியிருக்கிறாய். தனி அடாப்டர் இல்லாத ஹப்பில் அந்த ஒரு போர்ட்டின் மின்சாரத்தைத்தான் எல்லாம் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ஹப்பைக் கழற்றி வை. டிஸ்க்கைப் பின்பக்கத்து போர்ட்டில், குட்டையான கேபிளால் நேராக மாட்டு. முன்பக்கத்து போர்ட்கள் மதர்போர்டிலிருந்து, அதாவது உள்ளே இருக்கும் முதன்மைப் பலகையிலிருந்து, ஒயர் வழியாக வருபவை. செருகிப் பிடுங்கித் தளர்ந்தும் போயிருக்கும். பின்பக்கத்தவை போர்டிலேயே பற்றவைத்தவை. பழைய பெட்டியில் யூஎஸ்பி தகராறு என்றால் நான் வேறு எதையும் யோசிக்காமல் முதலில் பின்பக்கம்தான் போவேன். ஆனால் ஒன்று, டிஸ்க்கே பழுதாகும்போதும் இதே டிக் டிக் சத்தம் வரும். ஆகவே அது ஒழுங்காக ஓடிய உடனே குடும்பப் படங்களை வேறெங்காவது நகலெடுத்துவிடு. மற்றதெல்லாம் அப்புறம்.

கீபோர்டு சில நாள் எழுந்திருப்பதில்லை என்றாயே, அது ஊதா நிற வட்டத் துளையில் மாட்டுவதுதானே? ஐபிஎம் 1987-இல் கொண்டுவந்த பிஎஸ்/2 இணைப்பு அது. யூஎஸ்பி போல ஓடிக்கொண்டிருக்கும்போதே கழற்றி மாட்டுவதற்கு அமைந்ததல்ல. அணைத்துவிட்டு, உள்ளே ஊசி வளைந்திருக்கிறதா என்று பார்த்து, மாட்டி, பிறகு ஆன் செய். ஆன் செய்ததும் முதலில் ஓடும் மதர்போர்டின் சொந்த மென்பொருளான பயாஸின் திரையில் விசைகள் வேலை செய்தால் கீபோர்டும் போர்ட்டும் நலம். அங்கே விண்டோஸ் இன்னும் வந்திருக்காது, அதனால் பழி அதன்மேல்தான்.

தேதி பின்னுக்குப் போகிறது என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறாய். மதர்போர்டில் காசு போல இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. மாற்றிவிடு. தேதி தப்பாக இருந்தால் பல இணையதளங்கள் சான்றிதழ் சரியில்லை என்று உன்னை உள்ளேயே விடாது.

பிரிண்டருக்கு மருந்து எளிது. பெரும்பாலும் வரிசையில் சிக்கிக்கொண்ட ஒரு பழைய பக்கம்தான் வழியை மறிக்கும். விண்டோஸின் சர்வீசஸ் பட்டியலில், அச்சு வேலைகளை வரிசையில் வைக்கும் பிரிண்ட் ஸ்பூலரை நிறுத்து. விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32, அதற்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் என்று போய் உள்ளே இருப்பதை மட்டும் அழி, ஃபோல்டரை விட்டுவிடு. ஸ்பூலரை மறுபடி ஓடவிடு. தாள் வெள்ளையாகவே வந்தால் மை முனை உலர்ந்திருக்கும், அது வேறு கதை.

ஸ்கேனர்தான் உண்மையான தலைவலி. உன் மகன் 64 பிட் விண்டோஸ் போட்டுக்கொடுத்தான் அல்லவா? பழைய 32 பிட் விண்டோஸுக்கு எழுதிய டிரைவர், அதாவது சாதனத்தை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள், அதில் ஏறாது. தயாரித்த கம்பெனி புது டிரைவர் தராவிட்டால் விண்டோஸில் அதற்கு வழி குறைவு. சாதனம் நன்றாக இருந்தும் மென்பொருள் இல்லாமல் குப்பைக்குப் போவது எனக்குப் பொறுக்காத விஷயம். விண்டோஸுக்கு மாற்றான இயங்குதளம் லினக்ஸ். அதை ஒரு பென் டிரைவில் ஏற்றி, எதையும் இன்ஸ்டால் செய்யாமல் அதிலிருந்தே கம்ப்யூட்டரை இயக்கிப் பார். ஸ்கேனர்களை இயக்கும் மென்பொருளைத் தரும் சேன் என்ற திட்டத்தின் தயவில் பல பழைய ஸ்கேனர்கள் அங்கே இன்னும் ஓடுகின்றன. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால், மொத்தமாகவே லினக்ஸுக்கு மாறலாம் என்பது என் கட்சி. நீ ஒத்துக்கொள்ள மாட்டாய், தெரியும்.

அடுத்த கடிதத்தில் ஒன்றை மட்டும் மறக்காமல் எழுது. விண்டோஸில் சாதனங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் இருக்கும் பெயரை இரண்டு முறை கிளிக் செய்தால் ஓர் எண் வரும். 28 என்றால் டிரைவர் இல்லை. 43 என்றால் சாதனம் ஏதோ கோளாறு சொல்கிறது, அதனால் விண்டோஸ் அதை நிறுத்தி வைத்திருக்கிறது. எண் தெரிந்தால் மேற்கொண்டு பேசலாம்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்