ஊமைப்படம் சரிவராது என்று முடிவெடுத்த நண்பர்களுக்கு

வெள்ளவத்தையில் மாதம் ஒரு படம் போடும் எங்கள் திரைப்பட வட்டத்தின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். போன மாதம் நீங்கள் நொஸ்ஃபெராட்டு என்ற பழைய ஜெர்மன் ஊமைப் பேய்ப்படம் போட்ட அன்று நான் கடைசி வரிசையில், சுற்றாத காற்றாடிக்குக் கீழே இருந்தேன். அதற்குப் பிறகு, "ஊமைப்படம் எங்கட சனத்துக்குச் சரிவராது, இனி வேண்டாம்" என்று முடிவெடுத்துவிட்டீர்களாம். சனம் சிரித்தது உண்மைதான். ஆனால் சிரிப்பு வந்தது நீங்கள் போட்ட பிரதியால்.

ஒரு காட்சியை மட்டும் எடுப்போம். ஓர்லொக் பிரபு தன் சவப்பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு ஊருக்குள் வருகிறார். வெயில் பட்டால் அழிந்துபோகிற இரத்தக்காட்டேரி பட்டப்பகலில் பெட்டியும் கையுமாக அலைந்தால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்? 1922இல் இயக்குநர் முர்னாவ் அதைப் பகலில்தான் எடுத்தார். இராத்திரியில் எடுக்க அன்றைய பிலிமுக்கு வெளிச்சம் காணாது. எனவே பிரதிக்குச் சாயம் ஏற்றினார்கள்: நீலம் என்றால் இரவு, மஞ்சள் என்றால் விளக்கு வெளிச்சம். அன்று பார்த்தவர்களுக்கு அது பழக்கம். நீங்கள் இணையத்தில் இறக்கிய கோப்பில் சாயம் இல்லை, ஆகவே இரவும் இல்லை.

அதே காட்சியை, சாயத்தோடு மீட்டெடுத்த புளூரேத் தட்டில், பக்கத்து வீட்டு அன்ரிக்குப் போட்டுக் காட்டினேன். எந்தப் படம் ஓடினாலும் ஃபோனில் கதைத்துக்கொண்டிருப்பவர். அன்றைக்கு ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "தம்பி, அந்த யன்னலை ஒருக்காச் சாத்துமன்" என்றார்.

அப்புறம் வேகம். அந்தக் காலத்துக் கமராவைக் கையால் சுற்றினார்கள். செக்கனுக்கு 16 சட்டம் (ஃபிரேம்), 18, 20 என்று படத்துக்குப் படம் மாறும். அதைப் பின்னாளில் வழக்கமான 24இல் ஓட்டினால் பிரேத ஊர்வலம்கூட பஸ்ஸைப் பிடிக்க ஓடுவதுபோல இருக்கும். டிரையர் 1928இல் எடுத்த ஜோன் ஒஃப் ஆர்க் படம் என்னிடமுள்ள தட்டில் 20, 24 என்று இரண்டு வேகத்திலும் இருக்கிறது. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்ப்பது என் ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியம். அந்தப் படத்தின் நல்ல பிரதி 1981இல் ஒஸ்லோவில் ஒரு மனநல மருத்துவமனை அலுமாரியில் அகப்பட்டது.

ஃபிரிட்ஸ் லாங்கின் ஊமைப்படமான மெட்ரோபோலிஸில் வெட்டுப்பட்டுப் போனவற்றில் சுமார் 25 நிமிடம் 2008இல் புவனஸ் அயர்ஸில் 16 மி.மீ. பிரதியாகக் கிடைத்தது. தட்டில் அந்தத் துண்டுகள் வரும்போது திரை முழுக்கக் கீறல் மழை. மீட்டெடுத்தவர்கள் எவ்வளவோ துடைத்தும் போகவில்லை. எனக்கு அது பிடிக்கும். தொலைந்து திரும்பி வந்த இடம் எதுவென்று கண்ணாலேயே தெரியும்.

எங்கள் பக்கத்தில் அப்படித் திரும்பி வந்தது ஏதும் உண்டா? தென்னிந்தியாவின் முதல் ஊமைப்படமான நடராஜ முதலியாரின் கீசக வதம் ஒரு அடிகூட மிஞ்சவில்லை. பின்னாளில் நிதியமைச்சரான என்.எம். பெரேரா நடித்து 1925இல் வந்த ராஜகீய விக்கிரமய இலங்கையில் திரையேறும் முன்பே எரிந்துபோனது. சரி, அடுத்தவர் காப்பாற்றி வைத்ததையாவது ஒழுங்காகப் பார்ப்போமே.

அடுத்த முறைக்கு ஒரு படம் சொல்கிறேன்: பிரபஞ்ச பாஷ், 1929. இயக்கியவர் ஜெர்மானியரான ஃபிரான்ஸ் ஓஸ்டன், நடித்தவர்கள் இந்தியர்கள், எடுத்தது ராஜஸ்தானில். சூதில் நாட்டைத் தோற்கும் அரசன் கதையை எங்கள் சனத்துக்கு விளக்கவா வேண்டும்? பிரிட்டிஷ் திரைப்பட நிறுவனம் மீட்டெடுத்த பதிப்புக்கு நிதின் சாஹ்னி இசையமைத்திருக்கிறார். இடையிடையே வசனம் சொல்லும் எழுத்து அட்டைகள் வரும்போது ஒருவர் தமிழில் வாசித்தால் போதும், நானே வாசிக்கிறேன்.

தட்டுகளை நான் தருகிறேன். பிளேயரையும் கொண்டுவருகிறேன், ஏனென்றால் உங்களிடம் இருப்பது உதவாது. புளூரேத் தட்டுகள் பலவற்றை உலகின் ஒரு வலயத்துப் பிளேயரில் மட்டும் ஓடும்படி பூட்டி வைப்பார்கள்: எங்கள் நாடு சி வலயம், அமெரிக்கத் தட்டு ஏ, இங்கிலாந்துத் தட்டு பி. பூட்டுள்ள தட்டை இங்கே வாங்கிய பிளேயர் துப்பிவிடும். இதைத் தெரியாமல் என் முதல் மூன்று தட்டுகளை எட்டு மாதம் பெட்டியில் வைத்து அழகு பார்த்தேன்.

நிபந்தனை இரண்டு. தட்டின் அடிப்பக்கத்தில் விரல் படக்கூடாது. பெட்டிக்குள் இருக்கும் சிறு புத்தகம் தட்டோடு திரும்பி வரவேண்டும். போன வருடம் இரவல் போன ஒன்று இன்னும் வரவில்லை. யாரிடம் என்று உங்களில் ஒருவருக்குத் தெரியும்.

இப்படிக்கு,
கடைசி வரிசைக்காரன்