பேஸ் ஆம்ப் தூக்கி முதுகு போச்சு

ஆசிரியருக்கு வணக்கம்,

கல்யாணக் கச்சேரியில பேஸ் கிட்டார் வாசிக்கிறவன் நான், முப்பது கிலோ பழைய ஆம்ப்ப (கிட்டார் சத்தத்தப் பெருக்குற ஆம்ப்ளிஃபையர் பெட்டி) மண்டப மாடிப்படியில ஏத்தி ஏத்தி முதுகு போச்சு, அதான் புதுசா வாங்கப்போற பசங்களுக்காக எழுதுறேன்.

இப்ப வர்ற காம்போ (ஆம்ப்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில இருக்குறது) பலதும் கிளாஸ் டிங்கிற, கரண்ட வேகமா ஆன்-ஆஃப் பண்ணி வேலை செய்யுற வகை, பெரிய டிரான்ஸ்ஃபார்மர் இல்லாததால வெயிட் கம்மி, சிலதுல ஸ்பீக்கர்லயும் நியோடிமியம் காந்தம் போடுறதால இன்னும் குறையுது. ஃபெண்டர் கம்பெனியோட ரம்பிள் 100ங்கிற 100 வாட்ஸ் காம்போ பத்து கிலோதான், ஒரு கையில தூக்கிட்டு பஸ்லயே போயிடலாம்.

ஆனா வாட்ஸ்ல ஏமாறாதீங்க. கடையில தனியா வாசிச்சுப் பாத்தப்போ அதிருதுன்னு நெனச்சு 40 வாட்ஸ் எடுத்தேன், ரிகர்சல்ல டிரம்மர் உக்காந்ததும் என் சத்தம் எனக்கே கேக்கல. நாலு கம்பி பேஸோட தடிச்ச கம்பி 41 ஹெர்ட்ஸ், அவ்ளோ கீழ்ஸ்தாயிய தள்ள பவர் நிறைய வேணும். ரம்பிள் 500ன்னு எழுதியிருந்தாலும் தனியா 350 வாட்ஸ்தான் தரும், கூட இன்னொரு கேபினட் (தனி ஸ்பீக்கர் பெட்டி) மாட்டினாதான் 500, இத கடைக்காரர் தானா சொல்லமாட்டார் (கேட்டா தலைய சொறிவார்).

டிஐ அவுட் (ஆம்ப்லருந்து சிக்னல நேரா வெளிய எடுக்குற சாக்கெட்) இருக்கான்னு கட்டாயம் பாருங்க, மிக்ஸருக்கு அதுலருந்து லைன் குடுத்துட்டா ஆம்ப் உங்க காதுக்கு மட்டும் போதும். நான் மண்டபத்து பிளாஸ்டிக் சேர்ல ஏத்தி வெச்சுடுவேன், கால்கிட்ட இருந்தா முழங்காலுக்குதான் கேக்கும்.

இப்படிக்கு,
ஒரு பேஸ் கிட்டார் வாசகன், சென்னை