நிலமெடுப்பு அலுவலருக்கு: உழுகிறவருக்கும் நோட்டீஸ் கொடுங்கள்

மதிப்பிற்குரிய மாவட்ட வருவாய் அலுவலர் (நிலமெடுப்பு) அவர்களுக்கு,

கால்வாய்த் திட்டத்துக்காக நாங்கள் பயிர் செய்யும் நிலங்கள் எடுக்கப்படுவது தாங்கள் அறிந்ததே. கடந்த வார விசாரணைக்கான நோட்டீஸ் பட்டாதாரர்களுக்கு மட்டுமே வந்தது. குத்தகைக்கும் வாரத்துக்கும் (விளைச்சலில் பங்குக்கு) பயிர் வைத்திருப்போர் நேரில் வந்து கேட்டதற்கு, "சிட்டாவில் பேர் இல்லையே" என்று பதில். சிட்டா நில உரிமையாளர் பதிவு; குத்தகைதாரர் பேர் அதில் என்றைக்கு இருந்தது?

2013 நிலமெடுப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, நிலத்தை அனுபவத்தில் வைத்திருப்பவருக்கும் அறிவிப்புத் தரச் சொல்கிறது. மூன்றாண்டாக அந்த நிலத்தை நம்பிப் பிழைக்கும் குத்தகைதாரர், வாரதாரர், கூலியாள் குடும்பங்களும் அச்சட்டப்படி 'பாதிக்கப்பட்ட குடும்பம்'தான்.

சிக்கல் ஆதாரத்தில். குத்தகை வாய்ப்பேச்சு, எழுதிக் கொடுத்தால் 1955 சாகுபடி குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டப்படி எளிதில் வெளியேற்ற முடியாதென்று உரிமையாளர் எழுதமாட்டார். குத்தகை நெல் களத்திலேயே மூட்டையாகப் போய்விடும், ரசீது கிடையாது. எழுத்தும் ரசீதும் இல்லாதவர் 1969 சட்டப்படி குத்தகை உரிமையைப் பதியப் போனால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். மிஞ்சுவது அடங்கல், அதாவது எந்த நிலத்தில் யார் என்ன பயிர் வைத்திருக்கிறார் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதும் கணக்கு. அதுவும் வயலுக்குப் போகாமலே எழுதப்பட்டால், பட்டாதாரர் பேரே சாகுபடியாளர் பேராகிவிடும். பயிர்க்கடன், பயிர்க்காப்பீடு எல்லாம் அந்த ஒரு தாளில்தான் நிற்கின்றன. இப்போது நிற்கும் பயிருக்கான இழப்பீடும் விதை, உழவு, நடவுக் கூலி போட்டவரை விட்டுவிட்டு உரிமையாளர் கணக்குக்குப் போகும். அவர் வெளியூரில் இருக்க, நெல் தானே முளைத்துத் தானே கதிர் தள்ளியது போலும்!

இழப்பீட்டுக் கணக்குக்காகத் தென்னைக்கெல்லாம் எண் எழுதியாயிற்று. உழுகிறவரைத்தான் எண்ணவில்லை. பொதுநோக்கம் என்றாலே விட்டுக்கொடுக்க வேண்டியவர் யாரென்பது எப்போதும் முன்கூட்டியே முடிவாகிவிடுகிறது, அது இருக்கட்டும்.

நாங்கள் கேட்பது இதுதான்: உழுகிறவருக்கும் நோட்டீஸ். தீர்வம் (இழப்பீட்டை முடிவு செய்யும் ஆணை) பிறப்பிக்கும் முன், ஒவ்வொரு உட்பிரிவிலும் கிராம நிர்வாக அலுவலரும் சர்வேயரும் இறங்கி நடக்கட்டும். பக்கத்து வயல்காரர்களின் வாக்குமூலம் வாங்கி, மூன்று பசலி (வருவாய் ஆண்டு) அடங்கலோடு ஒப்பிட்டு, சாகுபடியாளர் பட்டியலை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டட்டும். ஆட்சேபணைக்குப் பதினைந்து நாள் போதும். பங்கில் தகராறு வந்தால், 2013 சட்டத்தின் 77-ஆம் பிரிவுப்படி தொகையை, இழப்பீட்டுத் தகராறுகளை விசாரிக்கும் ஆணையத்தில் கட்டிவையுங்கள். ஒருவர் கணக்கில் ஏறிவிட்ட பணத்தைத் திரும்ப வாங்குவது நடக்கிற காரியமல்ல.

தீர்வத்தன்று முன்னிலையில் இருப்பவர் மேல் விசாரணை கோர ஆறு வாரமே அவகாசம். நோட்டீஸே வராதவர், தீர்வம் வந்ததை அறிவதற்குள், தீர்வ நாளிலிருந்து அவருக்குள்ள ஆறு மாதக் கெடுவும் தீர்ந்துவிடலாம். ஆகவே கள ஆய்வுக்கு இப்போதே உத்தரவிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
குத்தகை, வாரச் சாகுபடியாளர்கள்