மூடி போட்ட டிரம் ஒன்று முதலில் வாங்கு

அன்புள்ள கண்ணுக்கு,

நேற்று நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு அதே நினைவுதான். வேலையை விடாமல், வீட்டிலிருந்தபடியே பார்த்துக்கொண்டு, பின்பக்கம் கொட்டகை போட்டு ஆடு வளர்க்கப் போகிறாய். மனசாரச் சந்தோஷம். ஆனால் "நான்தான் நாள் முழுக்க வீட்டிலேயே இருக்கிறேனே அம்மா, அப்புறம் என்ன கஷ்டம்?" என்று கேட்டாயே, அது என்னைத் தூங்கவிடவில்லை. அப்போது பதில் சொல்ல வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நீ சின்னவளாக இருந்தபோது நானும் ஆபீஸ் கணக்குகளை வீட்டுக்குக் கொண்டுவந்து எழுதியவள்தானே. அது ஆண்டுக் கணக்கு முடிக்கிற சமயம். மேசைக்கும் கொட்டகைக்கும் முப்பதடிகூட இருக்காது. மத்தியானம் ஏதோ சரிகிற சத்தம் கேட்டது. குட்டிகள் துள்ளுகின்றன என்று நினைத்து, தலையை நிமிர்த்தாமல் கூட்டல் போட்டுக்கொண்டிருந்தேன். பொழுது சாய்ந்து போய்ப் பார்த்தால் மக்காச்சோள மூட்டை கிழிந்து பாதி காலி. நம் கறுப்பி மூலையில் நின்று பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தாள். அசை போடவில்லை. கிட்டே போனதும் மூச்சில் புளித்த வாடை. ஒரேயடியாகத் தானியம் உள்ளே போனால் ஆட்டின் நாலறை வயிற்றில் முதல் அறையில் அமிலம் ஏறிவிடும், சில மணி நேரத்துக்குள் பார்த்தால்தான் காப்பாற்ற முடியும். மருத்துவர் வந்து தன்னால் ஆனதெல்லாம் செய்தார். விடிவதற்குள் போய்விட்டாள். சினையாக இருந்தாள். நீ அழுதது உனக்கு நினைவிருக்கும். நான் அன்றைக்கு வீட்டில்தான் இருந்தேன் கண்ணு.

வீட்டில் இருப்பது வேறு, ஆட்டோடு இருப்பது வேறு. காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கிற நேரம் கொட்டகைக்கு உதவாது. காலையில் லேப்டாப்பைத் திறப்பதற்கு முன்னால் அரை மணி, சாயங்காலம் மூடிய பிறகு அரை மணி, கையில் போன் இல்லாமல் சும்மா நின்று பார். தீவனம் வைக்கிற நேரம், கூட்டிப் பெருக்குகிற நேரம் எல்லாம் இதில் சேராது. தட்டில் வைத்ததும் எது முதலில் ஓடி வருகிறது, எது பின்தங்குகிறது என்று பார். வரவேண்டியது வராவிட்டால் அன்றைக்கு அதன் பக்கத்தில் போக வேண்டும். படுத்திருப்பவை அசை போடுகின்றனவா? புழுக்கை உருண்டையாக இருக்கிறதா, இளகிக் கழிச்சலாக இருக்கிறதா? இடது பக்கம் விலாவுக்குப் பின்னால் குழி இருக்க வேண்டிய இடம் உப்பி மத்தளம் மாதிரி இருந்தால் வயிற்று உப்புசம். உடனே மருத்துவரைக் கூப்பிடு, மீட்டிங் காத்திருக்கட்டும்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கீழ் இமையை விரலால் இழுத்துப் பார். உள்ளே நல்ல சிவப்பாக இருந்தால் சரி. வெளுத்திருந்தால் பெரும்பாலும் இரத்தம் உறிஞ்சுகிற குடற்புழு. வெளுத்ததற்கு மட்டும் மருந்து கொடு. எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கொடுத்துக்கொண்டே இருந்தால் புழு மருந்துக்குப் பழகிப்போகும். இதற்கென்று வண்ண அட்டையே இருக்கிறது, ஃபமாச்சா என்று பெயர். தென்னாப்பிரிக்காவில் உருவாக்கியது.

பால் மாட்டையும் யோசிக்கிறேன் என்றாய். இப்போது வேண்டாம். கறவை மாட்டுக்கு ஏறக்குறைய 12 மணி நேர இடைவெளியில் தினம் இரண்டு முறை கறக்க வேண்டும். இன்று ஆறு மணி, நாளை எட்டு மணி என்று தள்ளிப் போனால் பாலும் குறையும், மடிவீக்கமும் வரும். உனக்கோ வேறு நாட்டு நேரத்தில் ஆபீஸ் போன் வருகிறது. குட்டிக்கும் இறைச்சிக்கும் வளர்க்கிற ஆடு ஒரு மணி நேரம் முன்பின் பொறுத்துக்கொள்ளும். அதற்காக ஒற்றை ஆடாக வாங்கிவிடாதே, தனியாக நின்றால் கத்திக் கத்தியே மெலிந்துபோகும். மூன்றோ ஐந்தோ போதும். பிறகு சேர்க்கிற எதையும் ஒரு மாதம் தனியாகக் கட்டி வைத்துப் பார்த்துவிட்டு மந்தையில் விடு.

உன் காலெண்டர் பழக்கம் கைகொடுக்கிற இடம் ஒன்று உண்டு. ஆட்டின் சினைக்காலம் 150 நாள், ஐந்து நாள் முன்பின் ஆகலாம். பெட்டை 21 நாளுக்கு ஒருமுறை போலப் பருவத்துக்கு வரும். கிடாவைத் தனியாக வைத்தால் எப்போது குட்டி போட வேண்டும் என்பதை நீயே தீர்மானிக்கலாம். வேலை குறைவான மாதத்தைப் பார்த்து, அதிலிருந்து ஐந்து மாதம் பின்னுக்கு எண்ணிக் கிடாவைச் சேர். குட்டி போடுகிற வாரத்துக்கு இப்போதே லீவு போட்டு வை. கிடாக்குட்டிகளையும் மூன்று மாதம் ஆனதும் பிரித்துவிடு. அந்த வயதிலேயே சினைப்படுத்திவிடும், யாரும் எதிர்பார்ப்பதில்லை.

குட்டி போடும் இரவுகளில் கேமரா வை, அது நல்லதுதான். பலமாக முக்க ஆரம்பித்து அரை மணிக்கு மேல் ஆகியும் எதுவும் வரவில்லை என்றால் காத்திருக்காதே, மருத்துவரைக் கூப்பிடு. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் உள்ளே போக வேண்டும். இரண்டு கிலோ குட்டிக்கு முதல் நாளில் 200 மில்லியாவது வேண்டும், சிறிது சிறிதாகப் பல தடவை. நேரம் போகப்போகக் குட்டியின் குடல் சீம்பாலில் இருக்கிற எதிர்ப்புச் சக்தியை உறிஞ்சுவது குறைந்துகொண்டே வந்து, ஒரு நாளில் நின்றுவிடும். நஞ்சுக்கொடியை வெறுங்கையால் தொடாதே, உறை போட்டுக்கொள். தொற்று நமக்கும் வரும்.

தடுப்பூசி, தாது உப்பு எல்லாம் உன் பகுதி கால்நடை மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள். அவருடைய நம்பர் ஆடு வருவதற்கு முன்னாலேயே உன்னிடம் இருக்கட்டும்.

பணத்தைப் பற்றி ஒன்று. ஆட்டுக்கென்று தனிக் கணக்கு வைத்துக்கொள். மாதாமாதம் சம்பளம் வந்துகொண்டிருந்தால் தீவனச் செலவு கண்ணில் படாது, பட்டியே உன் சம்பளத்தைத் தின்று வளரும். உன் உழைப்பையும் மணிக்கணக்கில் அதில் எழுது.

நீ ஊரில் இல்லாத நாளில் யார் பார்ப்பார்கள் என்று கேட்டதற்கு நீ சிரித்து மழுப்பினாய். அதற்குப் பதில் வந்த பிறகு ஆடு வாங்கு. மாப்பிள்ளையானாலும் சரி, பக்கத்து வீட்டுக்காரரானாலும் சரி, அந்த ஒருவர் மாதத்தில் இரண்டு நாளாவது முழுப் பொறுப்பாக நின்று பழக வேண்டும். ஆடும் அவரைப் பழக வேண்டும்.

முதல் பத்து நாள் நான் வந்து கூட இருக்கிறேன். புது இடத்தில் தீவனத்தை மெல்ல மெல்ல மாற்ற வேண்டும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். நான் வருவதற்குள் ஒன்றே ஒன்று செய். இறுக்கமாக மூடுகிற இரும்பு டிரம் வாங்கி, தானியம் முழுவதையும் அதில் கொட்டி, ஆடு நுழைய முடியாத அறையில் வை. கதவுக்குத் தாழ்ப்பாள் வெளிப்பக்கமாக இருக்கட்டும். வாங்கியதும் ஒரு போட்டோ அனுப்பு.

அம்மா