வயசானா அப்படித்தான் என்று விட்டுவிடாதே

அன்புள்ள கணேசா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி காதுகுத்துக்கு வர முடியாமல் போனதில் எனக்கும் வருத்தம்தான். அதைவிட, அம்மாவைப் பற்றி நீ எழுதியதுதான் மனசிலேயே நிற்கிறது. சாப்பிட்டுக் கை கழுவின ஈரம் காய்வதற்குள் "இன்னும் சோறு போடலையே" என்கிறார்கள், பக்கத்துத் தெருவில் வீடு தெரியாமல் நிற்கிறார்கள். இத்தனையும் எழுதிவிட்டு, வயசானா அப்படித்தானே என்று முடித்துவிட்டாயே!

அப்படி விடக்கூடாதுடா. இது டிமென்சியாவாக இருக்கலாம். உலகத்தில் இந்த மறதி நோய் உள்ளவர்களில் பாதிக்கு மேல் நம்மைப் போன்ற நாடுகளில்தான் இருக்கிறார்கள். 10/66 என்று ஓர் ஆய்வுக் குழு. நோயாளிகளில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில், ஆராய்ச்சியோ அங்கே 10 சதவீதம்கூட இல்லை. அதனால் அந்தப் பெயர். கியூபா, பெரு, சீனா என ஏழு நாடுகளில் 65 வயது தாண்டியவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்தார்கள். இந்தியாவில் சென்னையும் வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களும். 2008-இல் முடிவு வந்தது. வழக்கமான அளவுகோல்படி நம் கிராமங்களில் 0.3 சதவீதம் பேருக்குத்தான் இந்த நோய். அந்தக் குழுவே வகுத்த முறையில் பார்த்தால், எந்த ஊரிலும் 5 சதவீதத்துக்குக் குறையவில்லை.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? அன்றாட வேலை தடைபட்டால்தான் அந்த வழக்கமான அளவுகோல் அதை நோய் என்று எடுத்துக்கொள்ளும். உன் வீட்டையே பார். தங்கச்சி மாத்திரையை எடுத்துக் கையில் கொடுக்கிறாள், சேலை கட்டிவிடுகிறாள். கடை கண்ணிக்கு நீ போய்விடுகிறாய். யாராவது கேட்டால் "அம்மா நல்லாத்தான் இருக்காங்க" என்பீர்கள். பாசத்தோடு தாங்கிப் பிடிக்கிறோம், அதிலேயே நோய் மறைந்துபோகிறது. எனக்கு ரொம்ப வேதனையாக இருப்பது இதுதான்.

2023-இல் வந்த இந்தியக் கணக்கில், 60 வயதுக்கு மேல் 7.4 சதவீதம், அதாவது 88 லட்சம் பேர். நகரத்தைவிடக் கிராமத்தில், ஆண்களைவிடப் பெண்களிடம் கூடுதல். பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கு ஆபத்து அதிகமாம். அம்மா ஒரு நாள்கூடப் பள்ளிக்கூடம் போனதில்லை என்பாயே.

பயப்படாதே. தைராய்டு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு இவற்றாலும் மறதி வரும், அவற்றுக்கு மருந்து உண்டு. அம்மாவை டாக்டரிடம் காட்டி, முதலில் அதைப் பார்க்கச் சொல். போகும்போது தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு போ. டாக்டர் கேட்பதற்கெல்லாம் அவளுக்குத்தான் பதில் தெரியும். எதையும் மறைக்காமல் சொல்லச் சொல். அப்புறம், டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்கு உடனே எழுது.

என்றும் அன்புடன்,
ராமு